நேரம் பார்த்த சனிக்கிழமைகள்

செப்டெம்பர் பிறந்தால் மெல்பேர்ணில் எங்கள் ஆட்களுக்கும் ஃபூட்டிக் காய்ச்சல் வந்துவிடும். பேரப்பிள்ளைகளின் கழுத்தில் நிறம் நிறமாய்ச் சால்வை. முதியோர் சங்கத்தில் கடதாசி விளையாடிக்கொண்டே இந்த முறை யார் கிண்ணம் தூக்குவது என்று தர்க்கம். அங்கே ஒருவர் என்னிடம் கேட்டார்: "மாஸ்டர், நீங்கள் விம்மராப் பக்கம் கனகாலம் இருந்தனீங்கள். அங்கை சின்னச் சின்ன ஊருகளில உந்த விளையாட்டுக்கு ஏன் அப்பிடி உயிரை விடுகினம்? பார்க்கிறதெண்டால் ரீவியில ஏ.எஃப்.எல். இருக்குத்தானே?"

வாயால் சொல்லத் தொடங்கினேன். தேநீர் வந்துவிட்டது, கதை பாதியில் நின்றது. அதனால் எழுதுகிறேன்.

மெல்பேர்ணிலிருந்து வெஸ்டேர்ண் ஹைவேயில் ஏறக்குறைய 300 கிலோமீட்டர் போனால் ஹோர்ஷம் வரும். கிராம்பியன்ஸ் மலை பின்னுக்குப் போனபிறகு மேடு பள்ளம் இல்லை, வெறும் வெளிதான். கோதுமை, பார்லி, கனோலா, பருப்பு. ஊருக்கு ஊர் ஒரு தானியக் கோபுரம், ஒரு தண்டவாளம், ஒரு மதுக்கடை, ஒரு நீள்வட்ட மைதானம். அப்படி ஓர் ஊரில் பதினான்கு வருடம் கணக்குப் படிப்பித்தேன். ஊரின் பெயரை எழுதவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு இந்த விளையாட்டைப் பற்றி ஒரு பெருமை உண்டு. 1859இல் மெல்பேர்ணில் இதன் விதிகளை எழுதியவர்களில் ஒருவரான டொம் வில்ஸ் சிறுவனாய் வளர்ந்தது கிராம்பியன்ஸ் அடிவாரத்தில், மொய்ஸ்டன் என்ற இடத்துக்குப் பக்கத்தில். அங்கிருந்த ஆதிக்குடிப் பிள்ளைகளோடு விளையாடி அவர்களின் மொழியையும் பேசியவர். அவர்களின் பந்து விளையாட்டிலிருந்துதான் இது பிறந்ததா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் இன்னும் சண்டை. மதுக்கடையில் அந்தச் சண்டை எப்போதோ தீர்ந்துவிட்டது: "எங்கடை பக்கத்திலதான் பிறந்தது, முடிஞ்சுது கதை."

அங்குள்ள கழகங்களின் பெயர்களைப் பார்த்தால் ஒரு விசயம் தெரியும். மின்யிப்-மேர்ட்டோவா. ஹரோ-பல்மோரல். நொராஜூஹா-குவாண்டொங். ஜெபாரிட்-ரெயின்போ. (ஜெபாரிட்டில்தான் பிரதமராய் இருந்த ரொபர்ட் மென்சிஸ் பிறந்தார்.) எல்லாம் இரட்டைப் பெயர்கள், நடுவில் ஒரு சின்னக் கோடு. ஒரு காலத்தில் இரண்டு ஊர்களும் தனித்தனியே 18 பேரை மைதானத்தில் இறக்கின. பிறகு முடியாமற் போனது. நான் சொல்லப்போகும் கழகம் இவற்றில் ஒன்றல்ல. ஆனால் அதற்கும் அப்படி ஒரு கோடு விழுந்தது. விழுந்த ஆண்டு 2007.

நான் அந்தக் கழகத்துக்குள் போனது விளையாட்டு ஆசையால் அல்ல. மகள் அங்கே நெற்போல் விளையாடினாள். நாட்டுப்புறத்தில் இவை ஃபூட்டிக் கழகங்கள் மட்டுமல்ல, ஃபூட்டி-நெற்போல் கழகங்கள். ஒரே நாள், ஒரே வளவு, ஆண்கள் புல்லிலும் பெண்கள் பக்கத்துத் தாரிலும். பிள்ளையை ஏற்றி இறக்க வந்த தகப்பன்மாரை அங்கே சும்மா நிற்க விடமாட்டார்கள். ஒருவர் கேற்றில் காசு வாங்குவார், ஒருவர் கோடு போடுவார், ஒருவர் இறைச்சித் தட்டு லொத்தர் விற்பார். 2005இல் செயலாளர் என்னிடம் வந்து, "டீச், நீர் கணக்கு வாத்தியார்தானே, நேரம் பார்க்கத் தெரிந்திருக்குமே" என்றார். மணிக்கூடு பார்க்கத் தெரியும் என்றேன். அவ்வளவுதான், நியமனம் ஆகிவிட்டது.

நேரம் பார்ப்பது லேசான வேலை என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஆட்டம் நான்கு கால்பகுதி. கால்பகுதி இருபது நிமிடம் என்று பெயர், ஆனால் இருபது நிமிடத்தில் அது முடியாது. கோல் விழுந்தால் நடுவர் மறுபடி மைதானத்தின் நடுவில் ஆட்டத்தைத் தொடங்கும்வரை மணிக்கூட்டை நிறுத்த வேண்டும். நடுவர் கை காட்டினால் நிறுத்த வேண்டும், திரும்பக் காட்டினால் ஓடவிட வேண்டும். நிறுத்தின நேரம் முழுவதும் கடைசியில் சேரும். ஒவ்வொரு கழகமும் ஒரு நேரக்காப்பாளரைத் தரும். இரண்டு எதிரிகளும் தகரக் கூரை போட்ட ஒரு சின்னப் பெட்டிக்குள் தோளோடு தோள் முட்ட இருந்து, ஆளுக்கொரு அட்டையில் குறித்து, இரண்டு கணக்கும் ஒத்துப்போனால்தான் சைரன். சைரனையும் சும்மா ஒருதரம் அழுத்திவிட்டு விட முடியாது. நடுவர் கேட்டுவிட்டேன் என்று கையை உயர்த்தும்வரை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அதில் தவறினால் என்ன நடக்கும் என்பதற்கு நாடறிந்த உதாரணம் 2006 ஏப்பிரலில் நடந்தது. தஸ்மானியாவில் லோன்செஸ்டனில் ஃபிரீமாண்டிலுக்கும் செயின்ட் கில்டாவுக்கும் ஆட்டம். ஒரு புள்ளியால் ஃபிரீமாண்டில் முன்னுக்கு நிற்கும்போது சைரன் அடித்தது. நடுவருக்குக் கேட்கவில்லை. ஆட்டம் ஓடியது, செயின்ட் கில்டா ஒரு புள்ளி எடுத்துச் சமன் செய்தது. பிறகு ஏ.எஃப்.எல். ஆணைக்குழு கூடி முடிவை மாற்றி ஃபிரீமாண்டிலுக்கே வெற்றியைக் கொடுத்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் எந்த மைதானத்துக்குப் போனாலும் எங்களைக் கண்டால், "சைரன் வேலை செய்யுதோ?" என்று ஒரு நக்கல். எங்கள் சைரன் பழைய தீயணைப்பு நிலையத்திலிருந்து கழற்றி வந்தது. அடித்தால் அடுத்த பண்ணையில் நாய் குரைக்கும். மின்சாரம் போனால் பாவிக்க மேசைக்குக் கீழே பள்ளிக்கூடக் கைமணி ஒன்றும் இருந்தது.

"நிறம் பார்க்க மாட்டார்களா?" என்று எங்கள் ஆட்கள் கேட்பதுண்டு. பார்த்தவர்கள் இருந்தார்கள். வேலியில் சாய்ந்துகொண்டு நிறத்தைச் சொல்லிக் கத்தினவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களைவிட, "இன்னும் ஏன் சைரன் அடிக்கவில்லை, நித்திரையோ?" என்று கத்தினவர்கள்தான் அதிகம். இரண்டாவது வகைக் கத்தலைக் கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அது அந்தக் கதிரையில் இருக்கிற எவனுக்கும் விழுகிற ஏச்சு.

சனிக்கிழமை காலை ஒன்பதுக்கே பனிக்குளிரில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் இறங்குவார்கள். பிறகு இரண்டாம் அணி. பின்னேரம் முதலாம் அணி. பக்கத்தில் நெற்போல் விசில் நிற்காது. கார்களை எல்லைக்கோட்டைச் சுற்றி மூக்கை உள்ளே காட்டி நிறுத்திவிட்டு, கிழவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருந்து பார்ப்பார்கள். தங்கள் அணி கோல் அடித்தால் ஹோர்ன். ஐம்பது கார் ஒன்றாய் அடித்தால் கல்யாண ஊர்வலம்தான். உடைமாற்றும் அறையிலிருந்து வரும் தைல மணம் எனக்கு எப்போதும் சித்தாலேப்பையை நினைவூட்டும். மூன்றாம் கால்பகுதி முடிந்ததும் சனமெல்லாம் காரை விட்டு இறங்கி, பிள்ளை குட்டி நாயோடு மைதானத்தின் நடுவுக்கு நடந்துபோய்ப் பயிற்றுநர் வீரர்களுக்குச் சொல்வதைச் சுற்றிநின்று கேட்கும். இதை ஏ.எஃப்.எல். மைதானத்தில் செய்ய முடியுமா? சங்கத்து நண்பருக்கு நான் முதலில் சொல்லியிருக்க வேண்டியது இதுதான்.

இனி அந்த ஆண்டு. 2006இல் விம்மராவில் பயிர் இல்லை. வரட்சி பத்தாண்டாய் இழுத்துக்கொண்டு வந்தது, அந்த வருடம் முதுகை முறித்தது. ஹின்ட்மார்ஷ் ஏரி முழுக்கக் காய்ந்து கிடந்தது. மைதானத்துக்கு ஊற்றத் தண்ணீர் இல்லை. நிலம் சீமெந்து மாதிரி இறுகி, விழுந்த பையன்களின் முழங்காலும் முழங்கையும் உரிந்தன. பயிர் பொய்த்தால் முதலில் போவது வேலையாள், அடுத்தது அவனுடைய குடும்பம், அடுத்தது பள்ளிக்கூடத்தில் இரண்டு கதிரை. மழை திரும்பி வந்தாலும் போனவர்கள் வருவதில்லை. பக்கத்துக் காணியை அயலவர் வாங்கிவிடுவார், இன்னும் பெரிய உழவு இயந்திரம் ஒன்று வரும். ஐந்து குடும்பம் செய்த நிலத்தை ஒரு குடும்பம் செய்யும். அந்தக் குடும்பத்தில் இரண்டே பிள்ளைகள், அதில் ஒன்று பல்கலைக்கழகத்துக்கு மெல்பேர்ண் போய்விடும்.

அந்தப் பருவத்தில் 18 ஆட்டத்தில் இரண்டில் வென்றோம். ஒரு சனிக்கிழமை எதிரணி 31.20.206, நாங்கள் 3.4.22. இந்தக் குறிப்பு வாசிக்கத் தெரியாதவர்களுக்கு: 31 கோல், ஆறாற் பெருக்கினால் 186, அதோடு ஒற்றைப் புள்ளி 20, மொத்தம் 206. கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த குறிப்பு அது, அன்றைக்கு மட்டும் பிடிக்கவில்லை. கோல் விழும்போதெல்லாம் மணிக்கூடு நிற்கிறதல்லவா? அதனால் கோல் கூடக் கூட ஆட்டம் நீளும். அடி வாங்குகிறவனுக்கு அடி வாங்கக் கூடுதல் நேரம். கடைசிக் கால்பகுதி முப்பத்து மூன்று நிமிடம் போனது. எங்கள் பையன்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என் பெட்டிப் பக்கம் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த எதிரணி நேரக்காப்பாளர்கூட, "அடித்துவிடுவோமா?" என்று மெல்லக் கேட்டார். முழு நேரமும் ஓடவிட்டுத்தான் அடித்தேன்.

சில கழகங்கள் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தன. நகரத்திலிருந்து காசு கொடுத்து வீரர்களைக் கூட்டி வருவது. சனிக்கிழமை மத்தியானம் மூன்றரை மணித்தியாலம் கார் ஓடி வருவார்கள், விளையாடுவார்கள், கடித உறையை வாங்கிக்கொண்டு இருட்ட முன்னர் போய்விடுவார்கள். எங்கள் கழகமும் இரண்டு பேரைப் பிடித்தது. அந்தக் காசு பெண்கள் வருடம் முழுவதும் பை விற்றுச் சேர்த்தது. எனக்கு அது பிடிக்கவில்லை, குழுவில் சொன்னேன். 2016இலிருந்து விக்டோரியாவில் வீரர்களுக்குப் புள்ளிக்கணக்கு வைத்து இதற்கு ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள். நல்லது. ஆனால் ஊரில் பையன்கள் இல்லையென்றால் எந்த வரம்பு என்ன செய்யும்?

எங்கள் பரம எதிரி பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்த ஊர். அவர்களின் நேரக்காப்பாளர் ஒரு விவசாயி. அவரை இங்கே பருப்புக்காரர் என்று எழுதுகிறேன். ஏனென்று சொல்கிறேன். முதல் வருடம் பெட்டிக்குள் பேச்சு வந்தபோது நான் எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். "அப்ப என்னுடைய பருப்பைச் சாப்பிட்டு வளர்ந்திருக்கிறாய்" என்றார். நான் வளர்ந்த காலத்தில் விம்மராவில் பருப்பு இல்லை. அது தொண்ணூறுகளில்தான் அங்கே பெருகியது. ஆனால் கொழும்புக்குப் போகிற மைசூர்ப் பருப்பில் ஒரு பங்கு அவுஸ்திரேலியாவிலிருந்து போவது உண்மை. அடுத்த முறை வரும்போது பத்துக் கிலோப் பை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். மனைவி அதைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, "கல்லுப் பொறுக்கத் தேவையில்லை" என்றா. அதைவிடப் பெரிய பாராட்டு அவவிடம் கிடையாது. மொழிபெயர்த்துச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு.

லீக்கில் பத்து அணி. ஒவ்வொருவரும் ஒவ்வொருவரோடும் இரண்டு முறை மோதுவார்கள். ஆகவே பருப்புக்காரரும் நானும் வருடத்தில் இரண்டு சனிக்கிழமைதான் ஒரே பெட்டிக்குள். 2007இல் முதற் சந்திப்பு மே மாதம். விதைப்பு முடிந்த கையோடு வந்திருந்தார், நகத்துக்குள் மண். இரண்டாம் அணி ஆட்டத்தில் எங்கள் பக்கம் பதினைந்து பேர், அவர்கள் பக்கம் பதினாறு. அவர் தங்கள் ஆளில் ஒருவனை எங்களுக்கு இரவல் தரலாமா என்று நடுவரிடம் கேட்டுவரச் சொன்னார். எதிரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு அந்தப் பையன் சிரித்துச் சிரித்து ஓடினான். இரண்டு ஊர்ப் பையன்களும் என் வகுப்பில் பக்கத்துப் பக்கத்து மேசைதான். அவர்கள் ஊரின் மேல்நிலைப் பாடசாலை தொண்ணூறுகளில் மூடப்பட்டது. அந்தப் பத்தாண்டில் விக்டோரியாவில் 300க்கும் மேற்பட்ட அரசுப் பாடசாலைகள் மூடப்பட்டன. அதிலிருந்து அவர்களின் பிள்ளைகள் பஸ்ஸில் எங்கள் ஊருக்குத்தான் வந்தார்கள். ஐந்து நாள் சிநேகிதர், சனிக்கிழமை மட்டும் எதிரி.

அரைநேர இடைவேளையில் பருப்புக்காரர் தேர்மோஸிலிருந்து தேநீர் ஊற்றித் தந்துவிட்டுக் கேட்டார்: "டீச், உன்னிடம் ஏழாம் வகுப்பில் எத்தனை பையன்கள்?"

ஒன்பது என்றேன்.

"அதில் எங்கள் பஸ்?"

"நாலு."

"எங்கள் ஆரம்பப் பள்ளியில் இந்த வருடம் சேர்ந்தது எத்தனை தெரியுமா? ஒரு பையன். என் பேரன்."

அவர் நேர அட்டையைப் புரட்டிப் பின்பக்கத்தில் ஒரு கட்டம் கீறினார். மேலே 2008, 2009 என்று ஆண்டுகள். பக்கத்தில் இரண்டு ஊர்களின் பெயர். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். எல்லோரும் விளையாட மாட்டார்கள், அதைக் கழித்தோம். பத்தாம் வகுப்போடு போகிறவர்களைக் கழித்தோம். 2011க்குக் கீழே எங்கள் ஊருக்கு 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் பதினொருவர் வந்தார்கள், அவர்களுக்கு எட்டு. மைதானத்தில் இறக்க வேண்டியது பதினெட்டு. அவர் இரண்டையும் கூட்டிப் பத்தொன்பது என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். ஒன்றும் பேசவில்லை. மூன்றாம் கால்பகுதிக்கு நேரமாகிவிட்டது. சைரனை அவர்தான் அடித்தார்.

இணைப்புப் பேச்சு அதற்கு முன்னமே இரண்டு ஊர் மதுக்கடையிலும் இருந்தது, ஆனால் கெட்ட வார்த்தை மாதிரி இருந்தது. 1950களில் அவர்கள் எங்களை இறுதியாட்டத்தில் தோற்கடித்த கதையை அன்றைக்குப் பிறக்காதவர்களும் நேரில் பார்த்தவர்கள்போல் சொல்வார்கள். இரண்டு ஊருக்கும் கலியாணச் சம்பந்தம் பல தலைமுறையாய் உண்டு. பெண் எடுக்கலாம், கொடுக்கலாம், கழகத்தைச் சேர்க்கக் கூடாது!

ஓகஸ்ட்டில் மறுசந்திப்பு, அவர்கள் மைதானத்தில். அன்று நல்ல வெயில். கீழே ஆட்டம் மந்தம். பருப்புக்காரர் கண்ணை மைதானத்தில் வைத்துக்கொண்டே, "உன் ஊரில் கழகம் இருந்ததா?" என்று கேட்டார்.

இருந்தது என்றேன். வலிகாமம் வடக்கில் கடலுக்குக் கிட்ட எங்கள் ஊர். பனை வளவுக்குப் பக்கத்தில் மைதானம். உதைபந்தாட்டம், நான் இடது ஓரம். 1990இல் ஊர் முழுவதும் ஒரே கிழமைக்குள் இடம்பெயர்ந்தது. நான் அப்போது இங்கே வந்துவிட்டேன், அம்மாவின் கடிதத்தில்தான் அறிந்தேன். ஊரைச் சுற்றிப் பாதுகாப்பு வலயம் போட்டார்கள். ஆனால் பையன்கள் போன இடத்திலும் அந்த ஊரின் பெயரிலேயே அணி இறக்கினார்கள். மற்றவர்களின் மைதானத்தில், இரவல் சப்பாத்தோடு, எங்கள் ஊர்ப் பெயர்.

"மைதானம் இப்போதும் இருக்கிறதா?"

"இருக்குமென்று நினைக்கிறேன். ஆனால் போக முடியாது."

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கீழே ஒரு கோல் விழுந்தது. இருவரும் மணிக்கூட்டை நிறுத்தினோம், குறித்தோம், ஓடவிட்டோம். பிறகு சொன்னார்: "எங்களுக்கு மறுவளம். மைதானம் இருக்கிறது, போகலாம், கேற்றும் திறந்துதான் கிடக்கிறது. ஆள்தான் இல்லை."

அந்த ஆண்டு செப்டெம்பர் 29ஆம் திகதி ஜீலோங், போர்ட் அடிலெய்ட்டை 119 புள்ளியால் அடித்து, 1963க்குப் பிறகு முதல் தடவையாய்க் கிண்ணம் தூக்கியது. கழகக் கட்டடத்தில் பெரிய ரீவி வைத்துப் பார்த்தோம். பாதியிலேயே முடிவு தெரிந்துவிட்டதால் ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அடுத்த கிழமை வரப்போகும் வாக்கெடுப்பைப் பற்றித்தான் கதைத்தார்கள்.

இரண்டு ஊரிலும் ஒரே இரவு, ஒரே நேரம் வாக்கெடுப்பு. ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று ஏற்பாடு. தங்க எழுத்துப் பலகைகளும் பழைய அணிப் படங்களும் தொங்கிய மண்டபத்தில் 112 பேர். தலைவர் என்னை எழும்பி எண்ணிக்கைகளைச் சொல்லச் சொன்னார். அந்த அட்டையின் பின்பக்கத்தைத் துப்புரவாய் எழுதிப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். பெயர் இல்லை, வெறும் எண்கள். ஆனால் மண்டபத்தில் எல்லோருக்கும் அந்த எண்கள் யாருடைய பிள்ளைகள் என்று தெரியும். நான் வாசித்துக்கொண்டு போகும்போது 2012க்கு வந்தவுடன் பின்னால் யாரோ கதிரையை இழுத்துவிட்டு வெளியே போனார். எனக்குத் தொண்டை வறண்டது. வந்து ஒன்பது வருடமான ஒருவன், நூறு வருடக் கழகத்துக்குக் கணக்கு முடித்து வாசிக்கிறான். ஆனால் வாசித்தேன். வேறு யார் வாசிப்பது? அவர்களில் ஒருவர் வாசித்திருந்தால் அவருடைய குடும்பத்தோடு இருபது வருடம் பேச்சு நின்றிருக்கும்.

பலர் எழும்பிப் பேசினார்கள். அதிகம் நினைவில்லை. ஒரு அம்மாவின் பேச்சு மட்டும் நினைவிருக்கிறது. முப்பத்தெட்டு வருடம் அணிச் சட்டைகளைத் தோய்த்துக் காயப்போட்டவர். எழுபதுக்கு மேல். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் ஆம் என்றுதான் போடப்போகிறேன். என் பேரன் விளையாட வேண்டும். ஆனால் முடிவு சொன்னதும் ஒருவரும் கைதட்ட வேண்டாம்."

நானும் ஊர்ப் பொலிஸ்காரரும் வாக்குகளை எண்ணினோம். ஆம் 71, இல்லை 41. தலைவர் வாசித்தார். ஒருவரும் கைதட்டவில்லை. குசினிக்குள் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. பத்து நிமிடத்தில் என் தொலைபேசி அடித்தது. பருப்புக்காரர். அவர்கள் பக்கம் 58க்கு 49. "சரி டீச்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு நடந்த பேரங்களை எழுதினால் ஒரு புத்தகம் வரும். எந்த ஊரின் பெயர் முதலில் என்பதற்கு மூன்று கூட்டம், கடைசியில் ஆங்கில அகரவரிசை. சட்டையின் நிறத்துக்கு நாலு கூட்டம். வந்த சட்டை இரண்டு ஊருக்கும் பிடிக்கவில்லை, ஆகவே நியாயமானது என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆட்டங்கள் பாதி அங்கே, பாதி இங்கே. நெற்போல் பெண்களுக்குப் பிரச்சினையே இல்லை. அவர்கள் வாக்கெடுப்புக்கு முன்னமே சேர்ந்து பயிற்சி எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். என் மகள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

ஒரு சிக்கலை ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு கழகத்துக்கு ஒரு நேரக்காப்பாளர்தான். இப்போது எங்களிடம் இருவர். பருப்புக்காரர் இருபத்திரண்டு வருடம் நேரம் பார்த்தவர், நான் மூன்று வருடம். விலகுகிறேன் என்றேன். அவர் விடவில்லை. அவர்கள் மைதானத்தில் அவர், எங்கள் மைதானத்தில் நான், வெளியூரில் மாறி மாறி என்று ஒழுங்கு செய்தார். ஆனால் என் முறை வந்த சனிக்கிழமைகளிலும் தேர்மோஸோடு ஏறி வந்து பின்னால் ஒரு வாங்கில் இருந்துகொள்வார். மற்றக் கழகத்து நேரக்காப்பாளர்களுக்கு இது எரிச்சல், இரண்டு பேருக்கு ஒருவர் என்று. அவர் வாயே திறப்பதில்லை. நான் ஒரு செக்கன் பிந்தி நிறுத்தினால் மட்டும் தொண்டையைச் செருமுவார்.

2010இல் வரட்சி முறிந்து, பிறகு வெள்ளமும் வந்தது. இணைந்த கழகம் ஒருமுறை இறுதியாட்டம்வரை போனது. வெல்லவில்லை. நான் 2012இல் ஓய்வுபெற்று, மகளுக்குக் கிட்ட இருக்கவேண்டுமென்று இங்கே வந்தோம். 2020இல் கொரோனாவால் அந்தப் பருவமே நடக்கவில்லை. உறுப்பினர் சந்தாவை மட்டும் இன்றுவரை அனுப்புகிறேன். இப்போது மூன்றாவதாய் ஓர் ஊரைச் சேர்ப்பது பற்றிப் பேச்சு அடிபடுகிறதாம். அப்படியானால் பெயரில் இரண்டு கோடு வரும், பதாகையில் இடம் போதுமா தெரியாது.

பருப்புக்காரருக்கு இப்போது எண்பத்தொன்று. காணியை மகன் செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொலைபேசி எடுப்பார். முதலில் மழை எத்தனை மில்லிமீட்டர், பிறகு பருப்பு விலை, அதற்குப் பிறகுதான் ஆட்டம். போன முறை 10.6.66க்கு 9.11.65, ஒரு புள்ளியால் எங்களுக்கு வெற்றி. எங்கள் ஆள் பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது சைரன் அடித்ததாம், எதிரணி பத்து நிமிடம் வாக்குவாதமாம்.

யார் நேரம் பார்த்தது என்று கேட்டேன். பேத்தி என்றார்.